நோயாளியாக நடிப்பது பொய்யாகுமா?

மகளைச் செவிலியர் கல்லூரியில் சேர்த்திருக்கும் சகோதரர் ஒருவர் மஃரிப் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஓர் ஐயம் கேட்டார். மருத்துவ மாணவர்களையும் செவிலிய மாணவியரையும் ஒரே வகுப்பில் சேர்த்து, ஒருவரை நோயாளியாகவும் மற்றவரை மருத்துவராகவும் நடிக்கச் செய்கிறார்களாம். "இல்லாத வலியை இருப்பதாகச் சொல்வது பொய்தானே, ஹஜ்ரத்?"

பொய் என்பது கேட்பவரை ஏமாற்றுவது. அந்த வகுப்பிலோ அது பயிற்சி என்பதை அனைவரும் அறிவர். ஸஹீஹ் முஸ்லிமின் ஈமான் பாடத்தில் முதலாவதாக வரும் ஹதீஸை நினைத்துப் பாருங்கள். ஜிப்ரீல் (அலை) அவர்கள் வெண்ணிற ஆடையணிந்த ஓர் அந்நியராக வந்து, அறியாதவர்போல் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். கேட்டவரே விடையைச் சரியென்று சொன்னது ஸஹாபாக்களுக்கு வியப்பளித்தது. வந்தவர் யார் என்பதும், அவர்களுக்குக் கற்பிக்கவே வந்தார் என்பதும் பின்னரே சொல்லப்பட்டன.

இப்பயிற்சி புதியதன்று. 1963இல் ஹோவர்ட் பரோஸ் என்னும் அமெரிக்க மருத்துவர், நோயாளியாக நடிப்பவரைக் கொண்டு மாணவர்களுக்குக் கற்பித்தார். பல துறையினரும் ஒன்றாகக் கற்பதற்கான வழிகாட்டியை உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டது. நம் நாட்டின் எம்.பி.பி.எஸ். கல்வியிலும் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறை ஒரு பாடமாகியுள்ளது.

நம்மைப் பொறுத்தவரை இதன் பெரும்பயன் வேடம் மாறும்போதுதான் விளைகிறது. மருந்தளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்காகிவிடும். மருத்துவர் அவசரத்தில் தவறாகச் சொன்ன அளவைச் செவிலியர் திருப்பிச் சொல்லி, "சரிதானா?" எனக் கேட்க வேண்டும். கேட்க அஞ்சினால் பாதிக்கப்படுவது படுக்கையில் கிடப்பவர். அந்த அச்சம் எத்தகையது என்பதை, செவிலியராக ஒருமுறை நிற்கும் மருத்துவ மாணவர் உணர்வார்.

அந்த அச்சத்தில் நம் வீடுகளுக்கும் பங்குண்டு. மருத்துவ மாப்பிள்ளைக்கு நாம் கொடுக்கும் மதிப்பென்ன, செவிலியராகப் பணிபுரியும் பெண்ணுக்கு வரன் பேசும்போது நாம் காட்டும் தயக்கமென்ன! மதீனாவில் காயமுற்றோரைத் தம் கூடாரத்தில் வைத்துப் பராமரித்த ருஃபைதா (ரலி) அவர்களை மேடைகளில் மட்டும் புகழ்கிறோம்.

ஆணும் பெண்ணும் தொட்டுப் பரிசோதிக்கும் பகுதிகளில் பேணுதல் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. தோழியரோடு இணைத்துவிடும்படியோ, பொம்மையைப் பயன்படுத்தும்படியோ ஆசிரியரிடம் கேட்கலாம். அதற்காக வகுப்பையே தவிர்ப்பது முறையன்று.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, மகளுக்கு அடுத்த வகுப்பில் என்ன வேடம் என்று கேட்டோம்.

"மருத்துவர் வேடம்" என்றார் அவர், சற்றே சிரித்தபடி. "டாக்டருக்குப் படிக்கும் பையன்தான் நர்ஸாம்."