நோயாளி தகவலை பென் டிரைவ்ல தூக்கிட்டு அலையாதீங்க

1/ மருத்துவ ஆராய்ச்சின்னா பல இடத்துல இன்னும் எக்ஸெல் ஃபைலும் பென் டிரைவும்தான். அதுல இருக்கறது உங்க தகவலாவும் இருக்கலாம். அதனால நீங்களும் படிங்க.

2/ மார்ச்1-னு ஒரு மரபணு. எக்ஸெல் அதைத் தேதின்னு நினைச்சு மாத்திடும். கடைசில, 2020-ல மரபணுவோட பேரையே மாத்த வேண்டியதாப் போச்சு!

3/ மாற்று வழி ஜூப்பிட்டர்ஹப். ஒரே சர்வர், ஆளுக்கொரு லாகின், பிரவுசர் இருந்தா போதும். ஜூலியா, பைதான், ஆர் மூணும் சேர்ந்த பேருதான் ஜூப்பிட்டர். புள்ளியியல் நிபுணர் ஆர் கெர்னல்ல வேலை பார்க்கட்டும், நீங்க பைதான்ல பாருங்க. தகவல் சர்வரை விட்டு நகர வேண்டாம். ஆர் வேணும்னா ஐஆர்கெர்னலைத் தனியா நிறுவணும்.

4/ 100 பேர் வரைக்கும் 'லிட்டிலஸ்ட் ஜூப்பிட்டர்ஹப்' போதும், ஒரு உபுண்டு சர்வர்ல ஓடும். எச்டிடிபிஎஸ் தானா வராது, நீங்கதான் போடணும். நோயாளி பேரு, போன் நம்பரை நீக்கிட்டுத்தான் ஏத்தணும்.

5/ செல்லை முன்ன பின்ன ஓட்டினா விடை மாறலாம். கட்டுரை அனுப்பறதுக்கு முன்னாடி கெர்னலை ரீஸ்டார்ட் பண்ணி, முதல்ல இருந்து எல்லாத்தையும் ஓட்டிப் பாருங்க.

6/ "இதெல்லாம் ஐடி காரங்க வேலை"ன்னு சொல்லாதீங்க டாக்டர். கையுறை போடறதை யாரும் அடுத்தவங்க வேலைன்னு விடறதில்லையே. நோயாளி நம்மளை நம்பித்தான் தகவலைத் தந்தாங்க.