பச்சைத் துணியும் சேவலும்

இத்தாலியின் வெரோனா நகரத்தை இலக்கிய வாசகர்களில் பெரும்பாலோர் ரோமியோ ஜூலியட்டின் ஊராகவே அறிவர். பிப்ரவரி மாதத்தில் அங்கு நடைபெறும் அரை மாரத்தானும் அவ்விருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகம் அச்சேறியது 1597இல். அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெரோனாவின் ஓட்டப் பந்தயம் ஒன்று உலகின் பெருங்காப்பியங்களுள் ஒன்றில் இடம்பிடித்துவிட்டது. அப்பந்தயத்தை நினைவில் வைத்துக்கொண்டு, நண்பர்களாகிய நாங்கள் நால்வர் அந்த அரை மாரத்தானில் ஓடிவந்தோம். அவ்வாறு ஓடியதில் எங்களுக்குள் உருவான ஒரு கருத்தை இங்கு வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

பழைய பந்தயத்தின் பெயர் 'பாலியோ தெல் த்ராப்போ வெர்தே'. பச்சைத் துணிப் பந்தயம் என்று தமிழில் சொல்லலாம். 1208இல் தொடங்கியதாக மரபு கூறும் இப்பந்தயம், குளிர் இன்னும் விலகாத தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று நடந்தது. ஓடியவர்கள் ஆடையின்றி ஓடினர் என்கிறார்கள் உரையாசிரியர்கள். முதலில் வந்தவருக்கு ஒரு பச்சைத் துணி பரிசு. கடைசியாக வந்தவருக்கும் ஒன்று உண்டு: சேவல். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரார் சிரிக்க அவர் தெருவழியே போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நின்றுபோன இப்பந்தயம் 2008இல் புதிய வடிவில் மீட்டெடுக்கப்பட்டது.

பிளாரன்ஸிலிருந்து 1302இல் நாடு கடத்தப்பட்ட தாந்தே, வெரோனாவின் ஸ்காலா குடும்பத்தாரிடம் அடைக்கலம் புகுந்தவர். பின்னர் காங்கிராந்தேயின் அவையிலும் சில ஆண்டுகள் தங்கினார். 'டிவைன் காமெடி'யின் நரகப் பகுதியில் 15ஆம் காண்டத்தில் அவர் தம் ஆசான் புருனேத்தோ லத்தீனியைச் சந்திக்கிறார். சுடுமணல் வெளி. மேலிருந்து நெருப்பு மழை. அங்குள்ள ஆன்மாக்கள் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும், நூறாண்டுக் காலம் அந்நெருப்பின் கீழ் அசையாது கிடக்க வேண்டியதுதான். மாணவனோடு பேசிக்கொண்டு வந்ததில் புருனேத்தோ தம் கூட்டத்தைவிட்டு வெகுவாகப் பின்தங்கிவிடுகிறார். தாம் எழுதிய நூலை மறவாதிருக்கும்படி கேட்டுக்கொண்டு, கூட்டத்தை எட்டிப் பிடிக்க ஓடுகிறார். அப்போது தாந்தேக்கு நினைவுக்கு வருவது வெரோனாவின் பச்சைத் துணிப் பந்தயம். ஓடும் ஆசான், தோற்பவரைப் போலன்றி வெல்பவரைப் போலத் தோன்றினார் என்று காண்டத்தை முடிக்கிறார் கவிஞர்.

இவ்வுவமையில் அங்கதத்தைக் காண்பவர்களும் உண்டு. தண்டனை பெற்றவனுக்கு வெற்றி ஏது என்பது அவர்கள் கேள்வி. எங்கள் வாசிப்பு வேறு. புருனேத்தோ அந்தக் கணத்தில் தம் கூட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் இருப்பவர். அவர் பின்தங்கியதற்குக் காரணம் கால் வலுவின்மை அன்று. ஒரு மாணவனிடம் பேச நின்றுபோன மனம். கடைசியாக ஓடும் ஒருவரை நோக்கி, முதலில் வருபவரின் சாயலை அவர் முதுகில் கண்டுகொண்ட கண் தாந்தேயினுடையது. சேவல் கைக்கு வரவேண்டிய ஆளுக்குக் கவிஞர் பச்சைத் துணியைப் போர்த்திவிட்டார் என்றே நாங்கள் கொள்கிறோம்.

இனி இன்றைய ஓட்டத்துக்கு வருவோம். அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போ ஆற்றுச் சமவெளியின் பிப்ரவரிக் காலையில் குளிர் எலும்பைத் தொடும். பனிமூட்டம் தெருமுனைகளை அழித்துவிடும். முன்னால் ஓடுபவர்கள் ஒருமணி நேரச் சொச்சத்தில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் கண்ணில் நகரம் படுமா என்பது ஐயமே. பின்வரிசையில் ஓடிய எங்களுக்கு அது பட்டது. முதல் நூற்றாண்டில் எழுந்த அரேனாவின் வெளிச்சுவரில், 1117ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குத் தப்பி எஞ்சிய நான்கு வளைவுகள் மட்டும் தனித்து நிற்பதை மூச்சிரைக்கப் பார்த்தோம். நகரத்தை அரவணைத்து வளையும் அடிஜே ஆற்றின் குளிர்க்காற்றை முகத்தில் வாங்கினோம். எங்களுக்கும் பின்னால் முதியவர்கள் வந்தார்கள், நோயிலிருந்து மீண்டவர்கள் வந்தார்கள், முதன்முறையாக ஓடுபவர்கள் வந்தார்கள். மெல்ல ஓடுவதும் மெல்ல வாசிப்பதும் ஒரே பழக்கத்தின் இரு முகங்கள் என்று அப்போது தோன்றியது.

இந்த மெல்ல ஓடுபவர்களுக்கு இன்றைய பந்தய உலகில் இடம் குறைந்துவருகிறது என்பதே நாங்கள் சொல்ல வந்தது. உலகெங்கும் பெரும்பாலான ஓட்டங்களுக்குக் கால வரம்பு உண்டு. அரை மாரத்தானுக்கு இரண்டரை மணி, மூன்று மணி என்பது வழக்கம். கடைசி ஆளின் பின்னால் ஒரு வண்டி ஊர்ந்துவரும். வரம்பைத் தாண்டியவர் அதில் ஏற வேண்டும், அல்லது நடைபாதைக்கு ஒதுங்க வேண்டும். அவர் எப்படியோ வந்து சேரும்போது இறுதிக்கோட்டின் வளைவு சரிந்து கிடக்கும். முடிவுப் பட்டியலில் அவர் பெயர் இராது.

இதற்கான நியாயங்களை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். தெருக்களை நாளெல்லாம் அடைத்துவைக்க முடியாது. ஆம்புலன்ஸ் செல்ல வழி வேண்டும். அங்கு குடியிருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. விடிகாலை முதல் குளிரில் நிற்கும் தன்னார்வலர்கள் வீடு திரும்ப வேண்டும். இவை யாவும் தெருவைத் திறப்பதற்கான காரணங்கள். இறுதிக்கோட்டை மூடுவதற்கு இவற்றுள் ஒன்றுகூடக் காரணமாகாது. போக்குவரத்தைத் திறந்துவிட்டபின் நடைபாதை வழியே வருபவர்களுக்காக ஒரு கடிகாரம், இரண்டு மனிதர்கள், ஒரு குவளை சூடான தேநீர் காத்திருக்கலாம். செலவு அற்பம்.

சேவலில் இருந்தது கேலி. அதை மீட்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆயினும் அந்தக் கேலியின் அடியில் ஓர் ஒப்புதல் இருந்தது. சேவலைப் பெறுவதற்குக்கூட ஒருவர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அவர் வரும்வரை ஊர் கலையாமல் நின்றிருக்க வேண்டும். கடைசி என்பதும் ஓர் இடமே. வண்டியில் ஏற்றப்பட்டவருக்கு அந்த இடமும் இல்லை. இடைக்கால மனிதர்கள் தோற்றவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நாம் அவரைப் பார்க்கவே மறுக்கிறோம். இவற்றுள் எது கொடிது என்பதை வாசகர் முடிவுசெய்யட்டும்.

ஓட்டத்தின் வரலாறும் வென்றவர்களை மட்டும் நினைவில் வைத்ததில்லை. 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கின் மாரத்தானில் இத்தாலியர் தொராந்தோ பியெத்ரி அரங்கினுள் முதலில் நுழைந்து, பலமுறை விழுந்து, பிறர் கைத்தாங்கலில் கோட்டைத் தாண்டினார்; உதவி பெற்றதால் தகுதி நீக்கப்பட்டார். தங்கப் பதக்கம் அமெரிக்கரான ஜானி ஹேய்ஸுக்குப் போயிற்று. மறுநாள் அலெக்ஸாண்ட்ரா அரசியார் பியெத்ரிக்குத் தனியாக ஒரு வெள்ளிக் கோப்பை அளித்தார். இன்று பலர் நினைவில் நிற்கும் பெயர் பியெத்ரியினுடையதே.

பந்தயத்துக்கு முந்தைய நாள் மாலை நாங்கள் போந்தே பியேத்ரா என்ற பழைய ரோமானியப் பாலத்தில் நடந்தோம். 1945இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. போருக்குப் பின் நகரத்தார் ஆற்றின் அடியிலிருந்து பழைய கற்களையே எடுத்து, அவற்றைக் கொண்டு பாலத்தை மறுபடி கட்டினர். 1959இல் பணி நிறைவுற்றது. புதிய கல்லில் கட்டியிருந்தால் விரைவில் முடிந்திருக்கும். அவர்கள் காத்திருந்தார்கள்.

பழமையான நகரங்கள் தம் தெருக்களை ஓட்டக்காரர்களுக்குத் திறந்துவிடுவது அந்நகரங்களின் பெருந்தன்மை. அதோடு இன்னும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். பழைய கற்களுக்காக அத்தனை ஆண்டுகள் பொறுத்த ஓர் ஊருக்கு, பனிமூட்டத்தில் தனியே ஓடிவரும் கடைசி மனிதருக்காகக் கொஞ்சம் பொறுப்பது பெரிய காரியம் அன்று.