மனமா, மானமா?



சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில், நமது பங்கின் இளையோர் பாடற்குழுவுக்கெனக் காணிக்கைப் பாடல் ஒன்றை நாமே எழுதி, மெட்டும் அமைத்தோம். குருமடத்தில் கற்ற இசை வீண்போகலாகாது என்ற ஆசைதான்! பயிற்சியின் முதல் நாள், ‘என் மனத்தைத் தருகிறேன்’ என்னும் அடி வந்ததும் சிறுமியர் வாய்பொத்திச் சிரித்தனர். காரணம் கேட்டோம், எவரும் வாய் திறக்கவில்லை. இறுதியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “சாமி, மானத்தைத் தருகிறேன்னு வருது” என்றாள்.

உண்மைதான். ‘ம’ என்னும் குறிலின்மேல் நான்கு எண்ணிக்கை நீளும் சுரத்தை வைத்திருந்தோம். மெட்டு நம் உள்ளத்தில் முன்பே இருந்தது. சொற்களைப் பின்னர் அதனுள் திணித்தோம். பிழை அங்கே தொடங்கிற்று.

இத்தகைய பிழையைத் தம் நாட்டின் பள்ளிகளிலேயே கண்டு வருந்தியவர் ஹங்கேரியின் இசைமேதை சோல்தான் கோடாய் (1882–1967). ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதலசையில் விழும். நம் தமிழைப் போலவே அங்கும் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும்: ‘கொர்’ என்றால் வயது, ‘கோர்’ என்றால் நோய். ஜெர்மானிய வார்ப்பில் அமைந்த மெட்டுகளோ, அழுத்தத்தை அடுத்த அசைக்குத் தள்ளிவிட்டன. பிள்ளைகள் தாய்மொழியையே அயலார்போல் பாடிவந்தனர்.

கோடாய் 1905 முதல் சிற்றூர்களுக்குச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். பெரும் பாடற்குழுக்களுக்கு இசை எழுதிப் புகழ்பெற்ற பின்னரே, 1925இல் சிறுவர் குரல்களுக்கென எழுதத் தொடங்கினார். சிறுவர்க்கு மட்டமான இசை போதும் என்னும் எண்ணத்தை 1929இல் கட்டுரை எழுதியே எதிர்த்தார். 1937 முதல் வெளிவந்த நான்கு தொகுதிகளில் 180 இருகுரற் பாடல்களை அமைத்தளித்தார். ஏன் இருகுரல்? ஒரு குரல் நிலைத்து நிற்க, மற்றது நகரும்போது, பிள்ளைகள் கருவியை அன்று, ஒருவரையொருவர் கேட்டுச் சுருதி சேர்கின்றனர். (நம் ஆர்மோனியக்காரர் மன்னிப்பாராக! அவரது பெட்டியின் ஓசையில் பிள்ளைகளின் குரலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.) ஷான்டோர் வெரெஷ் என்னும் கவிஞர் பள்ளி மாணவராய் இருந்தபோது முதியோரைப் பற்றி எழுதிய கவிதைக்கும் கோடாய் 1933இல் பாடற்குழு இசை அமைத்தார். எழுதியவர் சிறுவர் என்று அவர் ஒதுக்கவில்லை.

நமது திருச்சபையும் இதைச் சொல்லாமலில்லை. பெரிய குழுக்களுக்கு மட்டுமன்றிச் சிறிய குழுக்களுக்கும் ஏற்ற பாடல்களை இயற்றுமாறு, 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில் இசைவாணரைக் கேட்டுக்கொண்டது. நாமோ நகரத்துக் குழுவின் பாடலைக் கிராமத்துப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறோம்.

எழுதிய தாளை ஒதுக்கிவைத்தோம். அச்சிறுமியையே பாட்டை உரக்க வாசிக்கச் சொல்லி, அவள் குரல் எங்கே நீள்கிறது, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டோம். குறிலை நீட்டவே கூடாதென்பதன்று. பொருள் மாறும் இடத்தில் நீட்டலாகாது. நெடிய சுரத்தை ‘ம’வினின்று எடுத்து, ‘மனத்தை’ என்பதன் இறுதிக்கு நகர்த்தினோம். அவ்வளவே, அடி நிமிர்ந்துவிட்டது. குரல் உடையும் பருவத்துப் பையன்கள் நால்வர் இருந்தனர். உச்சிக்குப் போகமுடியாமல் வெட்கி, பின்வரிசையில் வாயசைத்து நின்றவர்கள். அவர்களுக்கு ஐந்தே சுரங்களுக்குள் அடங்கும் தாழ்ந்த இரண்டாம் குரல் ஒன்றை எழுதினோம். அடுத்த ஞாயிறு பயிற்சிக்கு அவர்களே முதலில் வந்துவிட்டார்கள்.

இப்போது கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பாடல் எழுதிக்கொண்டிருக்கிறோம். ‘பாலன்’ என்னும் சொல் நான்கு இடங்களில் வருகிறது. அதைக் குறுக்கினால் ‘பலன்’ ஆகிவிடும். மெட்டை முதலில் அச்சிறுமியிடம் காட்டியிருக்கிறோம். மூன்றாம் இடத்தில் அவள் பென்சிலால் சுழித்துத் தந்திருக்கிறாள்.