சம்பாவுக்கு உண்டு... சமையல்கட்டுக்கு?

தஞ்சாவூர்க்காரர் யாரிடமாவது, 'இன்ஷூரன்ஸ் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஓ, இருக்கே!' என்பார்.

பைக்குக்கு இருக்கும். (ரவுண்டானாவில் போலீஸ்காரர் கேட்பாரே!) அப்பா நட்ட சம்பாவுக்கும் இருக்கும். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி, கூட்டுறவு சங்கத்தில் க்யூவில் நின்று, காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் கட்டி, ரசீதை மடித்து பீரோவில் வைத்திருப்பார். மீதி பிரீமியம் மத்திய, மாநில அரசுகள் உபயம்.

'சரி ஸார், அந்த பீரோ இருக்கிற வீட்டுக்கு?'

'வீட்டுக்கா? அது எங்க ஓடிடப் போவுது!'

வாஸ்தவம். வீடு ஓடாது, ஓடு பறக்கும். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி, வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலில் பறந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகளே வீட்டின் மேல் சாய்ந்தன. முழுசாகப் போன குடிசைக்கு அரசு அறிவித்த நிவாரணம் 10,000 ரூபாய். ஆபத்துக்கு உதவும்தான்; அதில் சுவர் எழும்புமா? இதெல்லாம் டெல்டாவுக்குப் புதுசும் இல்லை. 1952, 1977 என்று தாத்தாக்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்களிடம் வேறு பதில் இருக்கும். 'ஹோம் லோன் வாங்கறப்பவே பேங்க்ல இன்ஷூரன்ஸ் போட்டாச்சு!' அந்தக் காகிதத்தை ஒருமுறை பிரித்துப் படியுங்கள், பிரதர். பல பேருக்கு அது வீட்டுக்குப் போட்டதாக இருக்காது, ஆளுக்குப் போட்டது. கடன் வாங்கியவர் போய்ச் சேர்ந்தால் பாக்கியைக் கட்டும். கூரை மட்டும் போனால், நீங்கள் உயிரோடு இருக்கிற குற்றத்துக்காக ஒரு பைசா வராது!

வீட்டுக்கென்றே 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடக்கம். மனை விலையைச் சேர்க்க வேண்டாம். மனையைப் புயல் தூக்கிப் போகாது. திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. 1,000 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், உள்ளே இருக்கிற கட்டில், ஃப்ரிட்ஜ், கிரைண்டருக்குத் தானாகவே சேரும். (இதற்கு உச்சவரம்பு 10 லட்சம்.) நகைக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். பத்து வருஷமாக ஒழுகுகிற தளத்துக்குப் பணம் கிடையாது. அதற்குக் கொத்தனார்தான் கதி.

பிரீமியம் எவ்வளவு என்று விசாரித்து, பைக்குக்குக் கட்டுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விசாரிப்பதைச் சித்திரை, வைகாசியிலேயே செய்வது உத்தமம். டி.வி.யில் புயல் சின்னம் சுழல ஆரம்பித்த பிறகு ஏஜெண்ட் போனை எடுப்பது சந்தேகம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பத்திரத்தில் யார் பெயர் என்று பாருங்கள். பாலிசி வீட்டுக்குச் சொந்தக்காரர் பெயரில் இருக்க வேண்டும். நம்ம பக்கத்தில் பல வீடுகள் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கின்றன. தாத்தாவோ கூடத்தில் மாலை போட்ட படத்தில் இருக்கிறார்.

கையெழுத்துப் போட அவர் வரமாட்டார். புயல் வரும்.