நெளிதகட்டு உத்தரங்களும் அடுக்கு மாற்றும் ஆய்வுகளும்

எஃகுத் தகட்டை நெளித்துவிட்டால் வலிமை கூடிவிடும் என்ற வாசகம் கருத்தரங்குகளில் வேதவாக்காக உலவுகிறது. அது அரை உண்மை. பாலங்களிலும் பெருங்கூடங்களிலும் பயன்படும் எஃகு உத்தரத்தில், மேலும் கீழும் உள்ள பட்டைத் தகடுகள் வளைவை ஏற்கின்றன; இடையில் நிற்கும் நடுத்தகடு வெட்டுவிசையை ஏற்கிறது. இழுவையில் 250 மெகாபாஸ்கலில் இளகும் எஃகு, வெட்டில் ஏறத்தாழ 144 மெகாபாஸ்கலில் இளகும். தகட்டை நெளிப்பதால் இந்த எண் மாறுவதில்லை. அதை எட்டும் முன்னரே தகடு பக்கவாட்டில் பிதுங்கிச் சரியும் ஆபத்துதான் குறைகிறது.

1.5 மீட்டர் உயரமும் 6 மில்லிமீட்டர் கனமும் கொண்ட தட்டையான நடுத்தகடு, முட்டுத்தகடுகள் இல்லையெனில், கணக்குப்படி சுமார் 15 மெகாபாஸ்கலிலேயே பிதுங்கத் தொடங்கும். அதையே 250 மில்லிமீட்டர் அகல மடிப்புகளாக நெளித்தால், தனி மடிப்பு ஒன்று பிதுங்குவதற்கான தகைவு 550 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. 1986இல் பிரான்சின் கோன்யாக் நகரில், ஷராந்த் ஆற்றின் மீது, நெளிதகடும் முன்தகைவுக் கான்கிரீட்டும் இணைந்த பாலம் எழுந்தது இந்தத் துணிவில்தான். பின்னர் ஜப்பான் அவ்வழியைப் பெரிதும் வளர்த்தெடுத்தது.

சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. ஒரு மடிப்பு மட்டும் பிதுங்கலாம். பல மடிப்புகளைக் குறுக்கே கடந்து தகடு முழுவதுமே பிதுங்கலாம். இரண்டும் கலந்தும் நேரலாம். மூன்றாவதற்கு ‘இடைவினைப் பிதுக்கம்’ என்று பெயர். பெயர் சூட்டியதாலேயே பொருள் விளங்கிவிடாது. முதலிரண்டு தகைவுகளின் தலைகீழிகளை ஓர் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுவதே வழக்கிலுள்ள சூத்திரம். அந்த அடுக்கை 1 என்போர் உண்டு. 2 என்போர் உண்டு. 3 என்போரும் உண்டு. இரு தகைவுகளும் சமமாக உள்ள உத்தரம் ஒன்றில், அடுக்கு 1 எனில் அத்தகைவில் 50 விழுக்காடு கிடைக்கும். 2 எனில் 71. 3 எனில் 79. எஃகு அதுவே, மடிப்பும் அதுவே. மாறியது ஆய்வாளர் தேர்ந்த எண் மட்டும்.

இந்த இடைவெளியில் ஓர் ஆய்வுத் தொழிலே செழித்துவிட்டது. கணினியில் ஒரு மாதிரி. மடிப்புக் கோணத்தில் சிறு மாற்றம். எங்கோ என்றோ நடந்த சோதனையோடு ஓர் ஒப்பீடு. இறுதியில் புதியதொரு அடுக்கு, புதியதொரு கட்டுரை. தகட்டின் தொடக்கக் கோணல் உயரத்தில் இருநூறில் ஒரு பங்கு என்று அனுமானித்துக் கணினிக்குள் செலுத்துகிறார்கள். இந்தியப் பட்டறையில் மடித்து, கையால் பற்றவைத்த தகட்டின் கோணலை அளவுகோல் கொண்டு அளந்தவர் எத்தனை பேர்? பிதுக்க வலிமையைக் குறைப்பது அந்தக் கோணல்தானே?

தரவிதியின் நிலை இன்னும் மோசம். ஐ.எஸ். 800:2007 தட்டையான நடுத்தகட்டுக்கு விரிவான வழி சொல்கிறது. பிதுங்கிய பின்னும் அது இழுவிசைப் பட்டையாக நின்று தாங்குவதைக் கணக்கில் கொள்ள இடம் தருகிறது. நெளிதகட்டுக்கு அதில் வழியே இல்லை. தட்டைத் தகட்டின் விதியை இதற்குக் கடன் வாங்கவும் முடியாது. பிதுங்கியதும் நெளிதகட்டின் தாங்குதிறன் சடுதியில் வீழ்கிறது.

யூரோகோடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இ.என். 1993-1-5இன் பின்னிணைப்பு டி இதற்கென்றே எழுதப்பட்டது. ஆனால் பிதுக்கத்துக்கு இந்திய விதி வைக்கும் பாதுகாப்புக் காரணி 1.10, கட்டடங்களுக்கு யூரோகோடு பரிந்துரைப்பது 1.0. வலிமையை ஒரு நூலிலிருந்தும், காரணியை இன்னொரு நூலிலிருந்தும், சுமையை மூன்றாவதிலிருந்தும் எடுத்து ஒட்டும் வடிவமைப்புக்கு எந்த நூல் பொறுப்பேற்கும்?

தேவை இன்னோர் அடுக்கு அன்று. இந்தியப் பட்டறைகளில் உருவாகும் தகடுகளின் கோணல் அளவுகள், முறியும் வரை ஏற்றப்பட்ட முழு அளவு உத்தரங்கள், எவரும் சரிபார்க்கத்தக்க வெளிப்படையான தரவுகள். அவற்றின் மீது இந்தியத் தர நிர்ணய அமைவனம் எழுதும் சில பக்கங்கள். உத்தரத்தின் அடியில் நடப்பவருக்கு அந்தச் சில பக்கங்கள்தாம் காப்பு. ஆய்வேடுகளின் எண்ணிக்கை அன்று.