முன்றிலும் மூடுகல்லும்

ஐந்து சதுர மீட்டர்! மூன்று கயிற்றுக் கட்டில்களை விரித்துப் போட்டால் நிரம்பிவிடும் இடம். அந்த அளவுக்கு மேல் ஒருவர் தம் வீட்டின் முன்புறத் தோட்டத்தை நீர் புகாத தளத்தால் மூட விரும்பினால், நகர மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். இங்கிலாந்து நாட்டிலே 2008ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்த விதி இது. வீடு அவருடையது, நிலம் அவருடையது, கல்லுக்குக் கொடுக்கும் காசும் அவருடையது. ஆயினும், அந்த நிலத்தில் விழும் மழை அவருடையது மட்டுமன்று என்றது அந்நாட்டுச் சட்டம். தளம் நீரை உட்கொள்ளுமாயின் தடையில்லை. வழியும் நீர் அதே வீட்டு மண்ணிலே இறங்குமாயினும் தடையில்லை. இரண்டும் இல்லையென்றால்தான் விண்ணப்பம், விசாரணை எல்லாம்.

இந்த விதி வானத்திலிருந்து குதித்துவிடவில்லை, தோழர்களே! 2007ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே வெள்ளம் வீடு புகுந்தது. அதற்கு ஈராண்டு முன்பே இலண்டன் பேரவை ஒரு கணக்கெடுத்து, அந்நகரில் மூடப்பட்டுவிட்ட முன்புறத் தோட்டங்களின் பரப்பு 32 சதுர கிலோமீட்டர், 22 ஹைடு பூங்காக்களுக்குச் சமம் என்று சொல்லியிருந்தது. ஏன் மூடினார்கள்? மோட்டார் வண்டிக்காக! வண்டி நிற்க இடம் வேண்டும், தெருவிலே இடமில்லை, ஆகவே ரோசாச் செடி வெளியேறிற்று, வண்டி குடியேறிற்று.

பழமை பேணும் பகுதிகள் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு அந்நாடு குறித்து வைத்துள்ள தெருக்களிலே தகராறு இன்னும் கடுமை. அங்கே தனி ஆணை பிறப்பித்து, நீர் இறங்கும் தளத்துக்குக்கூட ஒப்புதல் வேண்டும் என்று நகர மன்றம் கட்டளையிடலாம். "நூறாண்டுத் தெருவின் முகத்தைச் சிதைக்கிறான்" என்பார் பக்கத்து வீட்டார். "என் வண்டியை உன் தலையிலா நிறுத்துவேன்?" என்பார் இவர். மன்றம் மறுக்கும், இவர் மேல்முறையீடு செய்வார், மைய அரசின் ஆய்வாளர் அளவுநாடாவுடன் வந்து வேலியைப் பார்ப்பார், குட்டைச் சுவரைப் பார்ப்பார், தீர்ப்பெழுதுவார். நாடகம் எழுதுகிறவன் நான். இதிலே ஒரு நல்ல நகைச்சுவைக் காட்சி இருக்கிறது. ஆனால், நகைத்துவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை.

ஏனென்றால் நான் இருப்பது தருமபுரியிலே. அதியமானின் தகடூர் நம் ஊர். அந்தச் சங்க காலத் தமிழன் வீட்டின் முன்னிடத்தை முன்றில் என்றான். 'இல்முன்' என்பதுதான் முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆயிற்று என்று இலக்கணம் சொல்லும். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்த எனக்கு நினைவில் தங்கிய சில இலக்கணச் செய்திகளுள் அதுவும் ஒன்று. அந்த முன்றிலின் இன்றைய நிலையைக் காண ஏதேனும் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்டு. சிமெண்டுக்குச் சிரமமென்றால் பேவர் பிளாக். சிவப்பும் சாம்பலுமாய், வேப்பமரத்தின் கழுத்தை நெரித்தபடி வரிசை வரிசையாய் அடுக்கிய கல்!

அதனால் கேடென்ன என்பார் உண்டு. நம் மாவட்டத்தின் மண்ணடியிலே கிடப்பது கடும்பாறை. ஆற்றுப் படுகை நாட்டைப் போல ஆழமாய் மணல் படிந்து, அதிலே நீர் தேங்கிக் கிடக்கும் பூமியன்று இது. மேலே சிதைந்த பாறையின் மெல்லிய அடுக்கு, கீழே வெடிப்புகள், இவற்றிலே தங்கும் தண்ணீரே நம் கிணற்றுத் தண்ணீர். அந்தப் பாறையிலே புளோரைடு இருக்கிறது. நீர் நெடுநாள் பாறையோடு கிடந்தால் புளோரைடு அதிலே கரைந்து ஏறும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் குடிநீருக்கு உலக நல நிறுவனம் வைத்த எல்லை. அதைத் தாண்டிய கிணறுகள் இம்மாவட்டத்தில் பல. விளைவு? பிள்ளைகளின் பல்லிலே பழுப்புக் கறை, பெரியவர்களின் மூட்டிலே பிடிப்பு, முற்றிய நிலையில் எலும்பிலே வளைவு. இந்த நோயை ஒழிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல், 2013இல் தொடக்க விழா, சப்பான் நாட்டுக் கடனுதவி, 1,900 கோடி ரூபாய்க்கும் மேலான செலவு!

காவிரியைக் குழாயிலே ஏற்றிக் கொணர இத்தனை கோடி. வானம் வாசலுக்கே கொணர்ந்து தரும் நீரை, நஞ்சு கலவாத நீரை, பாறை நீரோடு கலந்து அதன் கடுமையைத் தணிக்கவல்ல நீரை, வாய்க்காலில் தள்ளிவிடுவதற்கும் செலவு! ஒரு கையால் மருந்து வாங்கி மறு கையால் நோய் வாங்கும் இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் பயின்றார்களோ, நான் அறியேன்.

ஆனால் தோழர்களே, இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மண் முற்றத்தின் அழகைப் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் வரும். சாணம் தெளித்த வாசல், மாக்கோலம், மரபு, மாண்பு என்று உருகும். அந்த வாசலைக் குனிந்து பெருக்கியது யார் முதுகு என்று அக்கூட்டம் கேட்டதில்லை. தேரோடும் வீதிக்குக் கல் பாவிய காலத்திலே, சேரித் தெருவுக்குச் சேறுதானே பாவப்பட்டது! மழை நாளில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றிலே நடந்தவனிடம் போய், "உன் தெரு மண்ணாகவே இருக்கட்டும், அதுதான் பண்பாடு" என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? காலனித் தெருவுக்குக் கடைசியாக வந்த சிமெண்டு, அவனுக்கு வெறும் சிமெண்டு அன்று. 'நீயும் இந்த ஊர்க்காரன்தான்' என்று அரசு எழுதித் தந்த கைச்சாத்து. தடி ஊன்றி நடக்கும் முதியவருக்கும், சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் சமதளம் உரிமை. ஆகவே, தளம் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்பவர் பக்கம் நிற்கவும் மாட்டேன்.

மூடுவது எவ்வளவு, நீர் இறங்குவது எங்கே என்பதே என் கேள்வி. நடக்க நாலடி போதும் இடத்திலே நாற்பதடியையும் மூடுவானேன்? காரணம் அறியாத கமுக்கமன்று. மதிப்பீடு சதுர மீட்டர்க் கணக்கிலே போடப்படுகிறது. மூட மூடப் பட்டியல் நீளும், பட்டியல் நீள நீளத் தொகை வளரும். மண்ணாக விட்ட இடத்துக்கு எந்த ஒப்பந்தக்காரருக்கும் பட்டியல் இல்லை! "பேவர் பிளாக் இடுக்கில் நீர் இறங்குமே" என்பர். அடியில் சரளையும் மணலும் இட்டு, இடுக்கை அடைக்காமல் விட்டால் ஓரளவு இறங்கும். அடியிலே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டு மேலே கல்லை அடுக்கினால் எப்படி இறங்கும்?

நமக்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று தமிழகம். கூரைநீரைக் குழாய் வழியே குழிக்குள் விட்டோம். முற்றத்து நீரை மறந்தோம். சென்னைப் பெருநகர வளர்ச்சி விதிகளிலே ஓர் அருமையான வரி எழுதப்பட்டது: வாயிற்படலின் குறுக்கே ஏழரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர், மனையில் விழும் நீர் மனையிலேயே இறங்குவதற்காக. ஏழரை சென்டிமீட்டர், ஒரு செங்கல் உயரம்! அந்தச் செங்கல்லை எத்தனை வாசலில் கண்டீர்கள்? 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி நகரத்து மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றச் சொன்னது. 2021இல் நம் மாநிலத் தலைமைச் செயலாளர், பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதிய தளம் போட வேண்டும், தெரு உயர்ந்து வீடு பள்ளமாகக் கூடாது என்று அறிவுறுத்தினார். தாள்களிலே குறைவில்லை.

பழமைச் சின்னங்களின் கதையோ வேறு. மைய அரசு காக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வட்டம் போட்டது. கோயிலுக்கும் கோட்டைக்கும் அந்த வட்டம் கிடைக்கலாம். ஊர் காக்க உயிர் விட்டவனுக்கு நட்ட நடுகல்லோ, இம்மாவட்டத்திலே வயல் வரப்பிலும் ஊரோரத்திலும் நிற்கிறது. தளம் ஒவ்வொரு முறை உயரும்போதும் கல்லின் ஓரடி மண்ணுக்குள் போனால், வீரனின் கால் புதையும், அடுத்து எழுத்து புதையும். பெயரே படிக்க முடியாத வீரனுக்கு ஊராட்சி மாலை போட்டுப் பயன் என்ன? தெருவுக்குத் தளம் போடும் முன் அத்தகைய கல்லைச் சுற்றி ஓர் ஆள் அகலம் மண் விடச் சொல்ல எந்தப் பேராசிரியரும் வர வேண்டியதில்லை.

ஊராட்சியிலும் நகர மன்றத்திலும் அமர்ந்த தோழர்களுக்கும், இனி அமர நினைக்கும் தோழர்களுக்கும் வேலை இங்கேதான் இருக்கிறது. தெருத்தளத்துக்கான மதிப்பீடு மேசைக்கு வரும்போது, தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். படத்தை விரிக்கச் சொல்லுங்கள். நடைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, சுவரோரம் மண்ணாக விடுவது எவ்வளவு, மரத்தடியில் எவ்வளவு, சரிவு எந்தப் பக்கம், சரியும் நீர் எந்தக் குழியில் இறங்கும் என்று கேளுங்கள். காலனித் தெருவுக்குத் தளம் இல்லையென்றால், ஊர்த் தெருவுக்கு இரண்டாம் முறை தளம் போடும் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அங்கே வழக்கமாக வாசிக்கப்படும் உறுதிமொழிக்கு எல்லோரும் கை தூக்குவார்கள். கை தூக்குமுன், கடந்த ஆண்டு நம் ஊரில் எத்தனை சதுர மீட்டர் மண் மூடப்பட்டது என்ற கணக்கைச் செயலாளரிடம் கேட்டு, அதைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்திலே எழுதச் சொல்லுங்கள். பட்டியல் தந்த அலுவலகத்திலே அந்த எண் இருக்கிறது.