பொத்தான் அழுத்துவோர் அல்லர் நாம்

‘ஆளுக்கொரு கைப்பேசி வந்துவிட்ட பின்பு படக்காரருக்கு என்ன வேலை?’ என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். பட்டம் பெற்றவர்கள், இலக்கியக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்பவர்கள். கைத்தறி நலிந்ததற்காக வருந்துவார்கள். மண்பானை மறைந்ததற்காகக் கட்டுரை எழுதுவார்கள். ஆனால் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியின் கடைவீதிகளில் படப்பிடிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தபோது அவர்களில் ஒருவரும் வாய் திறந்தாரில்லை. ‘கருவிதானே படம் எடுக்கிறது? நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள், அவ்வளவுதானே?’ என்பது அவர்கள் வழங்கிய தீர்ப்பு. எந்தப் பத்திரிகையிடமும் எந்த முதலாளியிடமும் சம்பளத்துக்கு நில்லாமல், முகம் எடுத்தே பல்லாண்டு பிழைத்தவர்கள் என்ற உரிமையில் இத்தீர்ப்பை மறுக்கிறோம்.

வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்ப்போம். ஒளி எவ்வழிச் செல்கிறது, கண் எவ்வாறு காண்கிறது என்பவற்றைப் பதினோராம் நூற்றாண்டிலேயே சோதித்தறிந்து ‘கிதாபுல் மனாழிர்’ எனும் பெருநூலாக்கியவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். ஒளியைத் தகட்டில் நிலைநிறுத்தும் முறை 1839-இல் பாரிசில் வெளியிடப்பட்டது. இருபதாண்டு நிறைவதற்குள் அக்கருவி சேலம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. சென்னை அரசின் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பெற்ற கேப்டன் லின்னேயஸ் டிரைப், இராயக்கோட்டை முதலிய இடங்களை எடுத்த படத்தொகுதி 1858-இல் வெளிவந்தது. (இராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது, அன்று அது சேலம்.) அவர் எடுத்தது கோட்டை, மலை, பாறை. அம்மலையடியில் ஏர் பிடித்தவனுடைய முகத்தைக் காண விழைவோர் வேறெங்கேனும் தேடவேண்டும்.

தேடினால் கிடைப்பது கசக்கிறது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்து, 1868 முதல் 1875 வரை இலண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளியான ‘இந்திய மக்கள்’ என்னும் நூலில் நூற்றுக்கணக்கான முகங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றின் கீழே மனிதரின் பெயர் இல்லை; குலத்தின் பெயர் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோரின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய நூலிலும் படங்களுக்குத் தலைப்புப் பெரும்பாலும் சாதியே. வண்ணத்துப்பூச்சியை ஊசியிற் குத்திப் பெயரெழுதி வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கடைவீதிப் படக்காரர் செய்த வேலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் முதலில் கேட்டது பெயரை. பிறகு ஊர், தேதி, அளவு, முன்பணம், பாக்கி. இத்தனையும் பதிவேட்டில் ஏறியது. அதே எண் நெகட்டிவின் ஓரத்திலும் எழுதப்பட்டது. அரசாங்கம் ஏழு தொகுதி போட்டும் செய்யாததை, இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய பத்தடிக் கடையில் அமர்ந்திருந்தவர் நாள்தோறும் செய்தார். அவரிடத்தில் வந்தவன் ஓர் இனத்தின் மாதிரியாக வரவில்லை. பெயரும் ஊரும் உடைய ஒருவனாக வந்தான், காசு கொடுத்தான், தனக்குப் பிடித்தபடி உட்கார்ந்தான்.

அந்த உட்கார்தலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்த வட்டாரத்துப் பண்ணையங்களில் கூலி வேலை செய்தவன் நிலக்காரர் எதிரே திண்ணையில் அமர முடியாத காலம் ஒன்று இருந்தது. தேநீருக்குத் தனிக்குவளை இருந்தது. அதே மனிதன் சந்தை நாளில் நகரத்துக்கு வந்து, நிலையத்தின் கைவைத்த நாற்காலியில், காலை நிலக்காரர் அமர்ந்து எழுந்த அதே நாற்காலியில், நிமிர்ந்து அமர்ந்தான். சுவரில் மாட்டியிருந்த அதே கோட்டு அவனுக்கும் கிடைத்தது. பின்னால் தொங்கிய திரைச்சீலையில் வரைந்திருந்த மாளிகைப் படிக்கட்டு அவனுக்கும் உரியதாயிற்று. ‘பொய்யான கோட்டு, பொய்யான மாளிகை’ என்று பிற்காலத்து அறிஞர்கள் எள்ளி நகையாடுவதுண்டு. கோட்டு இரவல்தான். அமர்ந்த முதுகு இரவலா? (ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊரல்லவா சேலம்! திரையில் கண்ட நாயகனைப் போலவே தலையைச் சாய்த்து நிற்பேன் என்று அடம் பிடித்தவர்களுக்கும் குறைவில்லை. அதிலும் நமக்குக் குற்றமொன்றும் தோன்றவில்லை.)

‘பொத்தான்தானே’ என்பவர்களுக்கு வேலையின் தன்மையையும் கூறிவிடுவோம். பொத்தானை அழுத்த நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். அதற்கு முந்திய கால்மணி நேரம்தான் நமது தொழில். கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த முதியவர் கண்ணாடி வில்லையைக் கண்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாகிவிடுவார். அவரிடம் மிளகு விலையையும் மழையையும் பேசவேண்டும். பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்டதும் கண்ணோரம் ஒரு சுருக்கம் விழும், அதற்காகத்தான் காத்திருந்தோம். விளக்கை எந்தப் பக்கம் வைப்பது? கன்னம் ஒட்டியவருக்கு நேரெதிரே வைத்தால் குழி மறையும், ஆனால் முகம் தட்டையாகும். பக்கவாட்டில் வைத்தால் எலும்பு தெரியும், வறுமையும் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஓரிடம் உண்டு. ஒவ்வொரு முகத்துக்கும் அது வேறு. முக்காடிட்ட பெண்மணிக்கு நெற்றியில் துணியின் நிழல் விழாமல் ஒளியைத் தாழ்த்தவேண்டும்; துணியைத் தள்ளச் சொல்லலாகாது. இவற்றைக் கருவி அறியுமா?

படம் எடுத்தல் ஆகுமா என்ற மார்க்க வினாவையும் நம்மவரிடையே எழுப்புவோர் உண்டு. மறுத்த உலமாக்கள் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல் முதீஈ போன்றோர், ஒளிப்படம் என்பது படைத்தலன்று, இருக்கும் நிழலை நிறுத்தி வைத்தலே எனக் கூறி அனுமதித்தனர். அவ்வாதத்துக்குள் நாம் புகவில்லை. ஆனால் ஹஜ்ஜுக்கும் வளைகுடா வேலைக்கும் கடவுச்சீட்டு வேண்டி வந்தவர்கள், ‘தேவைக்காக மட்டும்’ என்று தயங்கித் தயங்கி நாற்காலியில் அமர்ந்ததைக் கண்டிருக்கிறோம். அந்தத் தயக்கத்துக்கு ஒரு கண்ணியம் இருந்தது. தன் முகம் விலைமதிப்புள்ளது, கண்ட இடத்தில் சிந்தற்குரியதன்று என்ற எண்ணம் அதில் இருந்தது. ஒரு நாளில் நாற்பது முறை தன்னையே படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகின்ற இன்றைய தலைமுறைக்கு அத்தயக்கம் விளங்குமா என்பது ஐயமே.

இப்போது மற்றொரு கூட்டத்தாரோடும் நமக்கு வழக்கு இருக்கிறது. அவர்கள் நம் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பெண்ணை அழைத்து வருவார்கள். வெயிலும் பரம்பரையும் தந்த மாநிறம். ‘கொஞ்சம் சிவப்பாக வரட்டும்’ என்று தாய் காதோடு சொல்வாள். பெண் அதைக் கேட்காதது போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காலத்தில் நெகட்டிவின் மேல் கூர்த்த பென்சில் கொண்டு பருவையும் தழும்பையும் மறைக்கும் ரீடச்சிங் வேலை இருந்தது. நல்ல கைகள் அதைச் செய்தன. பரு மறையலாம், அது ஒரு வாரத்தில் போவது. நிறம் மறையலாமா? ‘உள்ள நிறத்தில்தான் எடுப்போம்’ என்று சொன்னதற்காக நம்மைவிட்டு அடுத்த கடைக்குப் போன குடும்பங்கள் பல. அடுத்த கடையில் சுண்ணாம்பு பூசிய சுவரைப் போல ஒரு முகத்தை வாங்கிச் சென்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் பெண்ணையும் மாறி மாறி நோக்கியபோது அந்தப் பெண் பட்டிருக்கும் அவமானத்துக்கு யார் பொறுப்பு? தாயா, கடைக்காரரா, மாநிறத்தை இழிவென்று வைத்த ஊரா? மூவரும்தான். நாமறிந்த மட்டில் இத்தொழில் செய்த பெருந்தீங்கு இதுவே. கைப்பேசி அதனை நீக்கியதென்று எவரும் பெருமை கொள்ள வேண்டா. அது கேளாமலேயே வெளுப்பாக்குகிறது, மூக்கைச் சிறிதாக்குகிறது. தர்ஸ்டனாவது மூக்கை அளந்ததோடு விட்டார்.

அரசாங்கத்தின் படத்தைச் சொல்லாமல் விடலாமா? 1993-இல் வாக்காளருக்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கும் திட்டம் வந்தது. 2010-இல் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. வரிசையில் நிறுத்தி, மேசைக் கருவியை முகத்துக்கு நேரே திருப்பி, ‘அசையாதீர்கள்’ என்பதோடு முடிந்தது. தன் அட்டையிலுள்ள முகத்தைத் தானே அறிய முடியாமல் சிரிப்பவர்கள் எத்தனை பேர்! சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் நாட்டில் கோடிக்கணக்கானோருக்கு அரசிடம் இருக்கும் ஒரே முகம் அது என்பதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நிற்கும். கடவுச்சீட்டு அளவுப் படத்தால் அடுப்பெரித்த சிறு கடைகளுக்கு அந்த மேசைக் கருவி விழுத்திய அடியும் சிறிதன்று.

நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் வண்டிகளில் ஏறிப் பாருங்கள். முன்கண்ணாடிக்கு மேலே, எலுமிச்சம் பழத்துக்கும் சாமி படத்துக்கும் அருகில், மூலை மடிந்த குழந்தைப் படமொன்று செருகியிருக்கும். மாதக்கணக்கில் வடநாட்டுச் சாலைகளில் கழிப்பவருக்கு அது படமன்று, வீடு. பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடங்களின் சுவரிலும் அப்படியொன்றைக் காணலாம். இன்னொரு வகை அழைப்பும் நமக்கு வருவதுண்டு: இறந்தவரை நாற்காலியில் சாத்தி, தலையைத் துணியால் கட்டி, சுற்றிலும் குடும்பத்தாரை நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள். எழுபதாண்டு உழைத்த மனிதருக்கு அதுவே முதற்படம், அதுவே கடைசிப்படம். கண்ணிமையைத் திறந்ததுபோல் பென்சிலால் எழுதித் தரும்படி கேட்பார்கள். உயிரோடிருந்தபோது ஒரு நாள் கடைக்கு அழைத்து வந்திருக்கலாகாதா என்று நெஞ்சு கேட்கும், வாய் கேட்காது.

இனி நெகட்டிவுகளின் கதைக்கு வருவோம். நாம் எழுத அமர்ந்ததே இதற்காகத்தான்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமை என்பது வெள்ளி. நுண்துகளாய்ப் படிந்த உண்மையான வெள்ளி. ஆதலால் பழைய ஃபிலிமை எடைக்கு வாங்கி வெள்ளியைப் பிரித்தெடுப்போர் உண்டு. வண்ண லேபுகள் வந்து, 1967 முதல் உதகமண்டலத்து ஆலையில் செய்யப்பட்ட ‘இந்து’ ஃபிலிமும் மறைந்து, 2012-இல் கோடாக் நிறுவனமே கடன்காப்புக் கோரி நீதிமன்றம் சென்ற காலத்தில், இடத்துக்கு வாடகை கொடுக்க இயலாதவர்கள் பெட்டி பெட்டியாக நெகட்டிவுகளைப் போட்டுவிட்டார்கள். கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவிச் சட்டத்துக்கு மாட்டினார்கள். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் அந்த வெள்ளி எந்தப் பட்டறையிற் போய் உருகியதோ, எந்தப் பேத்தியின் காலில் எந்தப் பாட்டியின் முகம் ஒலிக்கிறதோ, யார் அறிவார்? விற்காமல் வைத்தவர்களின் பெட்டிகளும் பிழைத்தனவல்ல. திறந்தால் காடி நாற்றம் அடிக்கிறது. ஃபிலிம் சுருண்டு, முகங்கள் பாசி பிடித்துக் கிடக்கின்றன.

‘அவை யாருடையவை? படக்காரருடையவைதாமே, அவர் பாடு’ என்று கைகழுவ இயலாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படம் எடுத்தவரையே அதன் ஆசிரியர் என்கிறது. ஆனால் வேறு உடன்பாடில்லாதபோது, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்றும் சொல்கிறது. ஆக, ஊராரின் உடைமையை ஊர்க்காரர் ஒருவர் தம் செலவில் காத்து வந்தார் என்பதே சட்டப்படியும் சரி.

அவ்வாறு காத்ததன் பொருள் யாது? லெபனானின் ஸைதா நகரில் 1953 முதல் ‘ஷஹ்ரஸாத்’ என்ற நிலையத்தை நடத்தியவர் ஹாஷிம் அல் மதனீ. 1957-இல் ஒருவர் சினத்தோடு அவர் கடையேறினார். தம் மனைவி தமக்குச் சொல்லாமல் வந்து படம் எடுத்துக்கொண்டாள். நெகட்டிவைத் தந்துவிடு என்றார். ஒரே சுருளில் மற்றவர் படங்களும் இருந்தமையால் மதனீ தர மறுத்தார். இறுதியில் ஊசியால் அப்பெண்ணின் படங்களின் மேல் கீறல் போடுவதற்கு இசைந்தார். ஆண்டுகள் சென்றன. அக்கணவரின் கொடுமை தாளாமல் அப்பெண் தீக்குளித்து இறந்தாள். அதன்பின் அதே கணவர் அதே கடைக்கு வந்தார். கீறிய படங்களைப் பெரிதாக்கித் தரமுடியுமா, வேறு படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். மதனீயின் தொகுதியை 1997-இல் பெய்ரூத்தில் தொடங்கப்பெற்ற அரபுப் பட அறக்கட்டளை ஏற்றுக் காத்ததனால் கீறலோடு அம்முகம் இன்றும் இருக்கிறது. மாலியின் பமாகோவில் 1948-இல் கடை திறந்த செய்து கெய்த்தாவின் வாடிக்கையாளர் படங்களை 1994-இல் பாரிசு நகரம் கண்காட்சியாக வைத்துப் பார்த்தது. அவர் எடுத்தவையும் நாம் எடுத்தவை போன்றவையே: இரவல் வானொலி, இரவல் கைக்கடிகாரம், நிமிர்ந்த கழுத்து.

தமிழகத்துப் பழைய நிலையப் படங்களைத் தேடி மின்வடிவாக்கும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் செய்தது. அதற்குப் பொருளுதவி நல்கியது பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டம். அவர்களுக்கு நம் நன்றி உரியது. ஆனால் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்துதான் நம் பாட்டனாரின் முகத்தைத் துடைத்து வைக்க வேண்டுமா? இங்கே கல்லூரிகளுக்குக் குறைவா? கோழிப்பண்ணையிலும் லாரியிலும் ஈட்டியவர்கள் நிறுவிய கட்டடங்களுக்குக் குறைவா? நூற்றாண்டு மலர் அச்சிடும் ஜமாஅத்துகளுக்கும் சங்கங்களுக்கும் குறைவா? மலரில் போடுவதற்குப் பழைய படம் வேண்டும் என்று கடைசி வாரத்தில் நம்மிடம் ஓடி வருகிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறோம்.

நாம் மானியம் கேட்கவில்லை, விருதும் வேண்டா. சேலத்தில் ஒன்று, நாமக்கல்லில் ஒன்று என ஈரம் புகாத ஓர் அறை. எஞ்சிய பெட்டிகளை அவற்றின் பதிவேடுகளோடு வாங்கி வைக்க அலமாரிகள். எண்ணையும் பெயரையும் பொருத்தி எழுத இரண்டு இளைஞர்கள். மங்கிய மையில் உள்ள கையெழுத்தைப் படித்துக் காட்ட, நாற்காலியில் அமர்ந்தவர்களை இன்னும் நினைவில் வைத்திருக்கும் முதிய படக்காரர் சிலர் உயிரோடிருக்கிறார்கள்.